தன்னோட்ட மின்னூர்திகளும் தனியார் மகிழுந்து உடைமையின் எதிர்காலமும்: முன்கணிப்புகள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஓட்டுநரின்றி இயங்கும் மின்னூர்திகள் பெருகினால் தனிமனிதர் சொந்தமாக மகிழுந்து வாங்கும் வழக்கம் மறைந்துவிடும் என்னும் கருத்து, 2016, 2017ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வலுவாக முன்வைக்கப்பட்டது. அக்கருத்தின் அடிப்படைகளையும், அதன்பின் நிகழ்ந்த நடைமுறை வளர்ச்சியையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. மின்மயமாதல், தன்னோட்டம், உடன்பயணம் ஆகிய மூன்றும் தனித்தனி மாற்றங்கள். முன்கணிப்புகள் அவற்றை ஒன்றாகப் பிணைத்துக் கணக்கிட்டுள்ளன. முதலிரண்டும் உடைமையை ஒழிப்பனவல்ல; சில நிலைகளில் அதை வலுப்படுத்தவும் கூடும். மூன்றாவது மாற்றம் சாலையிடத்துக்கும் நிறுத்துமிடத்துக்கும் அரசு வகுக்கும் விலைக்கொள்கையைச் சார்ந்தது. லிஸ்பன் நகர மாதிரியாய்வு, கலிபோர்னியக் கள ஆய்வு, சிங்கப்பூரின் உடைமைக் கட்டுப்பாட்டு முறை ஆகியவை இம்முடிவுக்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தன்னோட்ட ஊர்தி, மின்னூர்தி, தனியார் உடைமை, உடன்பயணம், வெற்றோட்டம், சாலை விலைக்கொள்கை.

1. முன்னுரை

அமெரிக்காவில் மகிழுந்து உடைமை என்பது வசதியின் அடையாளம் என்னும் நிலையைக் கடந்து, வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்வதற்கான முன்நிபந்தனையாக மாறி நெடுங்காலமாயிற்று. மகிழுந்தே இல்லாத குடும்பங்கள் அங்கு ஏறத்தாழ 8 விழுக்காடு மட்டுமே. இத்தகைய நாட்டிலிருந்தே உடைமையின் முடிவு பற்றிய அறிவிப்பும் எழுந்தது. 2016 செப்டம்பரில் லிஃப்ட் நிறுவனத்தின் இணை நிறுவனர் ஜான் சிம்மர், 2025ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பெருநகரங்களில் தனியார் மகிழுந்து உடைமை ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிடும் என எழுதினார். 2017 மே மாதம் ஜேம்ஸ் ஆர்பிப், டோனி சீபா ஆகியோர் ரீதிங்க்எக்ஸ் அமைப்பின் வழி வெளியிட்ட அறிக்கை இன்னும் துல்லியமான எண்களைத் தந்தது. தன்னோட்ட ஊர்திகளுக்குச் சட்ட ஒப்புதல் கிடைத்த பத்தாண்டுகளுக்குள், அதாவது 2030க்குள், அமெரிக்கப் பயணத் தொலைவில் 95 விழுக்காடு, நிறுவனங்களுக்குச் சொந்தமான தன்னோட்ட மின்னூர்திகளால் நிறைவேறும். சாலைகளிலுள்ள பயணியர் ஊர்திகள் 24.7 கோடியிலிருந்து 4.4 கோடியாகக் குறையும் என்பது அவ்வறிக்கையின் கூற்று.

சிம்மர் குறித்த 2025ஆம் ஆண்டு வந்துவிட்டது. உடைமை முடிவுக்கு வரவில்லை. ஆயினும், குறித்த காலத்தில் நிகழவில்லை என்பதை மட்டும் கொண்டு ஒரு முன்கணிப்பைத் தள்ளிவிடுதல் ஆய்வுமுறை ஆகாது. அது காலத்தை மட்டும் தவறவிட்டதா, அல்லது அதன் கட்டமைப்பிலேயே பிழை உள்ளதா என்று வினவுதல் வேண்டும். இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கலைச்சொற்களும் ஆய்வு எல்லையும்

‘தானுந்து’ என்னும் சொல் தானே உந்திச் செல்வது எனப் பொருள்படும். குதிரையின் துணையின்றித் தன் ஆற்றலால் இயங்கியமையே அச்சொல்லாக்கத்திற்கு அடிப்படை. இன்று பேசப்படும் ஊர்தியில் விலகி நிற்பவர் ஓட்டுநர். ‘தானியங்கி’, ‘தானுந்து’ ஆகிய சொற்கள் இவ்விரு பொருளையும் மயக்கக்கூடியவை. எனவே, மனித ஓட்டுநரின்றிக் கணினியின் முடிவால் செல்வதை ‘தன்னோட்ட ஊர்தி’ என்றும், மின்கலத்தால் இயங்குவதை ‘மின்னூர்தி’ என்றும், வழக்கில் கார் எனப்படுவதை ‘மகிழுந்து’ என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. நிறுவனமொன்று தன் உடைமையாக வைத்து, பயணியின் அழைப்பிற்கேற்ப அனுப்பும் தன்னோட்ட ஊர்தி ‘தன்னோட்ட வாடகையுந்து’ எனப்படும்.

‘பகிர்வு’ என்னும் சொல்லிலும் இருபொருள் உண்டு. ஒரே ஊர்தியை ஒருவர்பின் ஒருவராகப் பயன்படுத்துதல் ‘முறைப்பகிர்வு’. முன்பின் அறியாதோர் ஒரே நேரத்தில் சேர்ந்து பயணம் செய்தல் ‘உடன்பயணம்’. இவ்வேறுபாடு பின்வரும் கணக்குகளுக்கு இன்றியமையாதது.

அமெரிக்கத் தானுந்துப் பொறியாளர் சங்கம் 2014இல் வெளியிட்ட வகைப்பாடு ஊர்திகளைச் சுழியம் முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. முதல் மூன்று நிலைகளில், அதாவது சுழியம் முதல் 2 வரை, மனிதரே ஓட்டுநர். கருவி அவருக்குத் துணை செய்யும். 3ஆம் நிலையில் ஊர்தி தானே ஓடினும், அது கேட்கும்போது மனிதர் பொறுப்பேற்க வேண்டும். 4ஆம் நிலையில், வரையறுக்கப்பட்ட பகுதிக்குள்ளும் சூழலுக்குள்ளும் மனிதர் தேவையில்லை. 5ஆம் நிலை எங்கும் எச்சூழலிலும் இயங்குவதாகும். இன்று பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் தன்னோட்ட வாடகையுந்துகள் 4ஆம் நிலையைச் சார்ந்தவை.

3. உடைமை மறையும் என்னும் வாதத்தின் அடிப்படை

இவ்வாதம் மூன்று தூண்களின்மீது நிற்கிறது. முதலாவது, சும்மா நிற்கும் நேரம். டொனால்டு ஷூப் 2005இல் வெளியிட்ட நிறுத்துமிடப் பொருளியல் நூலில், மகிழுந்து தன் வாழ்நாளில் 95 விழுக்காட்டு நேரம் நிறுத்தப்பட்டே கிடக்கிறது எனக் காட்டினார். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓடும் ஊர்தி, 24 மணி நேரத்தில் 4 விழுக்காடே பயன்படுகிறது. அமெரிக்கத் தானுந்துச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி, ஆண்டுக்கு 15,000 மைல் ஓடும் புதிய மகிழுந்துக்கான மொத்தச் செலவு 12,000 டாலருக்கும் மேல். அதில் மிகப் பெரிய கூறு எரிபொருள் அன்று. ஊர்தியின் மதிப்புத் தேய்மானமே. 4 விழுக்காட்டுப் பயன்பாட்டுக்கு இத்தனை செலவு என்பது பொருளியல் நோக்கில் வீண் என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, மின்கல விலையின் வீழ்ச்சி. 2010ஆம் ஆண்டளவில் ஒரு கிலோவாட்மணிக்கு 1,000 டாலருக்கு மேலிருந்த மின்கலத் தொகுப்பின் சராசரி விலை, புளூம்பெர்க் நிறுவனத்தின் ஆற்றல் ஆய்வுப் பிரிவு 2024இல் எடுத்த கணக்கில் 115 டாலராகக் குறைந்திருந்தது. மின்னோடியில் அசையும் உறுப்புகள் குறைவு. எனவே, நாள் முழுதும் ஓடும் வாடகை ஊர்திக்கு அது பொருத்தமானது. மூன்றாவது, ஓட்டுநர் ஊதியம். அமெரிக்க வாடகையுந்துக் கட்டணத்தில் பெரும்பகுதி ஓட்டுநரின் உழைப்புக்கே செல்கிறது. அதை நீக்கினால் கட்டணம் சொந்த ஊர்தியின் செலவைவிடக் குறையும்; குறைந்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்துவர் என்பது வாதத்தின் முடிவு.

மூன்று தூண்களும் தனித்தனியே உண்மையானவை. அவற்றை இணைக்கும் இடத்திலேதான் சிக்கல் எழுகிறது.

4. சும்மா நிற்கும் ஊர்தியும் உச்ச நேரமும்

ஊர்தி 95 விழுக்காட்டு நேரம் நிற்கிறது என்பதிலிருந்து, இருபதில் ஓர் ஊர்தி போதும் என்னும் முடிவுக்குச் செல்வது எளிது. ஆனால் பெரும்பாலோர்க்கு ஊர்தி தேவைப்படுவது ஒரே நேரத்தில். இதை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஒரு புறநகரிலிருந்து நகர மையத்துக்குக் காலை இரண்டு மணி நேரத்துக்குள் 1,000 பேர் செல்ல வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் 20 நிமிடம் ஆகும் எனக் கொள்வோம். அனைவரும் ஒரே திசையில் செல்வதால், பயணியை இறக்கிய ஊர்தி அடுத்தவரை ஏற்ற 20 நிமிடம் வெறுமையாகத் திரும்ப வேண்டும். ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால், 120 நிமிடத்தில் ஓர் ஊர்தி மூன்று பயணங்களை முடிக்கும். இடையே இருமுறை வெறுமையாக ஓடும். ஆகவே, முறைப்பகிர்வில் 1,000 பேருக்கு 334 ஊர்திகள் வேண்டும். இது பெரிய சிக்கனமே. ஆனால் சாலையைப் பார்த்தால் நிலை வேறு. சொந்த மகிழுந்துகள் 1,000 பயணத் தொலைவு ஓடிய இடத்தில், இவ்வூர்திகள் பயணியோடு 1,000 முறையும் வெறுமையாக ஏறத்தாழ 666 முறையும் ஓடுகின்றன. ஊர்திகளின் எண்ணிக்கை மூன்றில் இரு பங்கு குறைகிறது. சாலையில் ஓடும் தொலைவோ மூன்றில் இரு பங்கு கூடுகிறது.

அதே கணக்கில் இருவர் இருவராக உடன்பயணம் செய்தால், ஊர்திகள் 167. பயணியரோடு 500, வெறுமையாக ஏறத்தாழ 333 எனச் சாலைத் தொலைவு 833ஆகக் குறைகிறது. அதாவது, நெரிசலைக் குறைப்பது உடைமை மாற்றமன்று. ஊர்தியில் அமர்வோரின் எண்ணிக்கையே.

இங்கு மற்றொரு விளைவும் கருதத்தக்கது. ஊர்தியின் ஆயுள் பெரிதும் ஓடிய தொலைவைப் பொறுத்தது. பத்து மடங்கு ஓடும் ஊர்தி விரைவில் தேய்கிறது. வாழ்நாளில் 5 லட்சம் மைல் ஓடும் ஊர்திகளை ரீதிங்க்எக்ஸ் அறிக்கை கணக்கில் கொண்டமைக்கு இதுவே காரணம். அந்த ஆயுள் வாய்க்காவிடில், சாலையில் நிற்கும் ஊர்திகள் குறைந்தாலும் ஆண்டுதோறும் செய்யப்பட வேண்டிய ஊர்திகள் அதே அளவில் குறையமாட்டா.

5. மின்மயமாதல் உடைமையை வலுப்படுத்துதல்

முன்கணிப்புகள் போதிய கவனம் செலுத்தாத கூறு ஒன்று உண்டு. மனிதர் ஒரு பயணத்துக்கு முன் ஒப்பிடுவது சராசரிச் செலவையன்று, அப்போது கையிலிருந்து கூடுதலாகச் செல்லும் செலவையே. ஊர்தியை வாங்கியபின் அதன் விலையும் காப்பீடும் முன்பே செலவாகிவிட்டவை. எரிபொருள் மட்டுமே கண்முன் நிற்கும்.

அமெரிக்க நிலையில், கேலனுக்கு 30 மைல் ஓடும் பெட்ரோல் மகிழுந்துக்கு, கேலன் 3.30 டாலர் எனக் கொண்டால் மைலுக்கு 11 சென்ட் எரிபொருள் செலவாகும். மைலுக்கு 0.3 கிலோவாட்மணி ஏற்கும் மின்மகிழுந்துக்கு, வீட்டு மின்சாரம் 16 அல்லது 17 சென்ட் என்னும் விலையில் மைலுக்கு 5 சென்ட் போதும். ஆக, மின்னூர்தி என்பது வாங்கும்போது மிகுந்த செலவும் ஓட்டும்போது மிகக் குறைந்த செலவும் உடைய பொருள். வீட்டிலேயே மின்னேற்றும் வசதியுள்ளவர்க்கு, வாங்கியபின் ஒவ்வொரு பயணமும் ஏறக்குறைய இலவசமாகத் தோன்றும். 5 சென்டோடு போட்டியிட்டு வெல்லும் வாடகைச் சேவையை நினைப்பது அரிது. ஆகவே, மின்மயமாதல் வாடகை நிறுவனத்துக்கு எந்த அளவு உதவுகிறதோ, அந்த அளவு சொந்த ஊர்தி வைத்திருப்போரையும் தம் ஊர்தியோடு பிணைக்கிறது.

ஊர்தித் தொகுதியின் வயதும் கருதத்தக்கது. 2024 கணக்கின்படி அமெரிக்கச் சாலைகளில் ஏறத்தாழ 28.6 கோடி இலகுரக ஊர்திகள் உள்ளன. அவற்றின் சராசரி வயது 12.6 ஆண்டு. ஆண்டுக்கு விற்கும் புதிய ஊர்திகள் ஏறத்தாழ 1.6 கோடி. இவ்வேகத்தில் முழுத் தொகுதியும் ஒருமுறை மாற ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகும்.

6. தன்னோட்டச் சேவையின் நடைமுறை வளர்ச்சி: 2016–2025

முன்கணிப்புகள் எழுந்த காலத்தில் முன்னணியில் நின்ற நிறுவனங்கள் பலவும் பின்னர் விலகின. 2018 மார்ச் மாதம் அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனை ஊர்தி மோதிப் பாதசாரி ஒருவர் உயிரிழந்தார். 2020 டிசம்பரில் ஊபர் தன் தன்னோட்டப் பிரிவை அரோரா நிறுவனத்துக்கு விற்க உடன்பட்டது. 2021இல் லிஃப்ட் தன் பிரிவை டொயோட்டா குழுமத்துக்கு 55 கோடி டாலருக்கு விற்றது. ஜெனரல் மோட்டார்ஸின் குரூஸ் நிறுவனம் 2023 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் முழுநேரக் கட்டணச் சேவைக்கு ஒப்புதல் பெற்றது. ஆனால் அக்டோபர் 2ஆம் நாள், மற்றோர் ஊர்தி மோதி வீழ்ந்த பாதசாரி ஒருவரை அதன் ஊர்தி இழுத்துச் சென்ற நிகழ்வையடுத்து அதன் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் வாடகையுந்து முயற்சிக்கான நிதியை நிறுத்தியது.

இதற்கு மாறாக, 2009இல் கூகுளின் திட்டமாகத் தொடங்கிய வேமோ பொறுமையாக வளர்ந்தது. 2020 அக்டோபரில் ஃபீனிக்ஸ் புறநகரில் ஓட்டுநரில்லா ஊர்திகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2024 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் யாவருக்கும் சேவை வழங்கத் தொடங்கியது. 2025இன் முதற்பாதியில் ஏறத்தாழ 1,500 ஊர்திகளைக் கொண்டு வாரந்தோறும் 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டணப் பயணங்களை நடத்தியது. ஊர்தியொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 24 பயணங்கள் என்னும் இவ்விகிதம், பயன்பாட்டு மிகுதி குறித்த முன்கணிப்பு வீண் கற்பனை அன்று என்பதைக் காட்டுகிறது. ஆனால் ஓட்டுநர் நீங்கியவுடன் உழைப்பும் நீங்கிவிடவில்லை. ஊர்தியைத் துடைப்போர், மின்னேற்றுவோர், பழுது நீக்குவோர், சிக்கலான இடத்தில் தொலைவிலிருந்து வழிகாட்டுவோர் எனப் புதிய பணிகள் தோன்றியுள்ளன. உணரிகளின் விலையும் இவற்றோடு சேர்கிறது.

வேமோவின் வளர்ச்சி உடைமை பற்றிய மற்றொரு செய்தியையும் உணர்த்துகிறது. 4ஆம் நிலை ஊர்தி வரையறுத்த பகுதிக்குள் மட்டுமே தானாக ஓடும். தன் நகர எல்லையைத் தாண்ட இயலாத ஊர்தியைத் தனிமனிதர் விலைகொடுத்து வாங்கத் தயங்குவர். நிறுவனமோ பகுதியைத் தானே தெரிவு செய்துகொள்ளும். எனவே, இன்று தன்னோட்ட ஊர்திகள் நிறுவன உடைமையாக இருப்பது அத்தொழில்நுட்பத்தின் நிறைவால் அன்று, அதன் குறைவால் எனலாம். நுட்பம் 5ஆம் நிலையை நெருங்க நெருங்க, தனிமனிதர் வாங்குவதற்கான தடையும் நீங்கும். 2019 ஏப்ரலில் டெஸ்லாவின் எலான் மஸ்க், அடுத்த ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தன்னோட்ட வாடகையுந்துகள் சாலையிலிருக்கும் என்றபோது, அவர் எண்ணியது வாடிக்கையாளர் வாங்கிய ஊர்திகள் ஓய்வு நேரத்தில் பொருளீட்டும் முறையையே. அவ்வெண்ணம் அக்காலத்தில் நிறைவேறவில்லை. எனினும், தன்னோட்டமும் தனியுடைமையும் ஒன்றோடொன்று பொருந்தாதவை அல்ல என்பதை அது தெளிவாக்கியது.

7. மலிவும் எளிமையும் தூண்டும் பயணம்

ஓட்டும் உழைப்பு நீங்கினால் மக்கள் எவ்வாறு பயணம் செய்வர் என்பதைக் கண்டறியக் கலிபோர்னியாவில் நுட்பமான கள ஆய்வொன்று நடைபெற்றது. முஸ்தபா ஹார்ப் முதலியோர் 2018இல் வெளியிட்ட அவ்வாய்வில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைச் சேர்ந்த 13 பேருக்கு ஒரு வாரம் இலவசமாக ஓட்டுநர் அமர்த்தப்பட்டனர். தன்னோட்ட ஊர்தி செய்யக்கூடியதை அந்த ஓட்டுநர் செய்தார். உரிமையாளர் இல்லாமலே பொருள் வாங்கிவரவும், பிள்ளைகளை அழைத்துவரவும் அவரை அனுப்பலாம். அவ்வாரத்தில் அவர்களின் ஊர்திகள் ஓடிய தொலைவு 83 விழுக்காடு கூடியது. பங்கேற்றோர் சிலரே ஆதலின் இவ்வெண்ணைப் பொதுமைப்படுத்தல் ஆகாது. ஆனால் மாற்றத்தின் திசை தெளிவானது. மாலையிருளில் ஓட்ட அஞ்சிய முதியோர் வெளியே சென்றமை இம்மிகுதியில் ஒரு பகுதி. அது நன்மையே. ஆளில்லா ஊர்தி சாலையில் சுற்றியது மற்றொரு பகுதி.

ஓட்டுநருள்ள செயலிவழி வாடகையுந்துகளின் அனுபவமும் இதற்கு ஒத்துள்ளது. எர்ஹார்ட் முதலியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கும் 2016க்கும் இடையே சான் பிரான்சிஸ்கோவில் வேலை நாள்களின் நெரிசல் தாமதம் 62 விழுக்காடு கூடியது. அவ்வகைச் சேவைகள் இல்லாதிருந்தால் அது 22 விழுக்காடாகவே இருந்திருக்கும். ஊர்தியை வைத்திருப்பதற்கு மாற்றாக எண்ணப்பட்ட சேவை, நடைமுறையில் பேருந்துக்கும் நடைக்கும் மாற்றாகவும் பயன்பட்டது. உடன்பயண வகையோ பெருமளவில் வேரூன்றவில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் ஊபர் அதை நிறுத்தி, 2022இல் வேறு பெயரில் மீண்டும் தொடங்கியது.

இவ்விரண்டையும் ஒருங்கே நோக்க உதவுவது பன்னாட்டுப் போக்குவரத்து மன்றம் 2015இல் லிஸ்பன் நகரத் தரவுகளைக் கொண்டு செய்த மாதிரியாய்வு. மெட்ரோ போன்ற பொதுப் போக்குவரத்தோடு இணைந்து, உடன்பயணத் தன்னோட்ட ஊர்திகள் மட்டுமே இயங்கினால், அப்போதிருந்த மகிழுந்துகளில் ஏறத்தாழ பத்திலொரு பங்கே போதும் என அது கண்டது. சாலையோர நிறுத்துமிடங்கள் முழுதும் விடுபடும். தெருப்பரப்பில் ஏறத்தாழ 20 விழுக்காடு மரங்களுக்கும் நடப்போர்க்கும் கிடைக்கும். உடைமை மறையும் என்போர் பெரிதும் எடுத்துக்காட்டும் பகுதி இது. அதே ஆய்வின் மறுபகுதி அத்துணை பேசப்படுவதில்லை. பயணங்களில் பாதி மட்டும் இப்புதிய ஊர்திகளுக்கு மாறி, எஞ்சியவை பழைய மகிழுந்துகளிலேயே தொடர்ந்தால், மொத்த ஊர்தித் தொலைவு 30 முதல் 90 விழுக்காடு வரை கூடும். எந்த மாற்றமும் ஒரே நாளில் முழுமை பெறாது. ஆகவே ஒவ்வொரு நகரமும் அந்த இடைநிலையைக் கடந்தே ஆகவேண்டும். அதைக் கடக்குமா, அதிலேயே தங்கிவிடுமா என்பதே உண்மையான வினா.

8. சட்டமும் உடைமையின் பொருள் மாற்றமும்

1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, ஓடும் ஒவ்வோர் ஊர்திக்கும் ஓட்டுநர் ஒருவர் இருத்தல் வேண்டும் என விதித்தது. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம், உள்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட தன்னோட்ட அமைப்புகளால் அத்தேவை நிறைவேறியதாகக் கொள்ள வழிசெய்தது. செருமனி 2021இல் 4ஆம் நிலை ஊர்திகளுக்கான சட்டத்தை இயற்றியது. பிரிட்டனின் 2024ஆம் ஆண்டுத் தன்னோட்ட ஊர்திச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஊர்தி தானே ஓடும்போது அது எவ்வாறு ஓடுகிறது என்பதற்கான பொறுப்பை, உள்ளே அமர்ந்திருப்பவரிடமிருந்து விலக்கி, அதற்கென ஒப்புதல் பெற்ற நிறுவனத்தின்மீது வைத்தது.

இம்மாற்றம் உடைமை என்னும் கருத்தையே பகுக்கிறது. ஊர்தியின் உடல் ஒருவருக்குச் சொந்தமாகலாம். அதை ஓட்டும் மென்பொருள் உரிமம் நிறுவனத்துடையது. விபத்தின் பொறுப்பு வேறொருவருடையது. 2021 முதல் டெஸ்லா தன் ஓட்டுதுணை மென்பொருளை மாதக் கட்டணத்துக்கும் வழங்குகிறது. வாங்கிய ஊர்தியின் முதன்மைப் பயன் மாதந்தோறும் செலுத்தும் தொகையால் தொடர்வதாயின், அவ்வுரிமையாளர் எந்த அளவு உரிமையாளர் என்னும் வினா எழும். தனியுடைமை முற்றிலும் மறையாமல், பெயரளவில் நின்று உள்ளீடு மாறக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

9. சிங்கப்பூர்ச் சான்று: விலையால் கட்டுப்படுத்தப்பட்ட உடைமை

தன்னோட்டம் இல்லாமலே தனியார் மகிழுந்து உடைமையைக் கட்டுப்படுத்திய நகர அரசு சிங்கப்பூர். 1975இலேயே நகர மையத்துள் நுழையும் ஊர்திகளுக்கு அது கட்டணம் விதித்தது. 1998 முதல் அக்கட்டணம் மின்னணு முறையில் பெறப்படுகிறது. 1990 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஒதுக்கீட்டு முறையின்படி, ஊர்தியை வாங்குமுன் பத்தாண்டு உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெற வேண்டும். 2018 பிப்ரவரி முதல் மகிழுந்துகளின் வளர்ச்சி விகிதம் சுழியமாக வைக்கப்பட்டது. 2023 அக்டோபரில் பெரிய மகிழுந்துகளுக்கான சான்றிதழ் மட்டும் 1,50,001 சிங்கப்பூர் டாலரைத் தொட்டது. இன்று அங்கு ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒரு மகிழுந்தே உள்ளது. எஞ்சியோரைத் தொடர்வண்டியும் பேருந்தும் சுமக்கின்றன.

2016 ஆகஸ்டில் நியூட்டோனமி நிறுவனம் பொதுமக்களை ஏற்றிய தன்னோட்ட வாடகையுந்துச் சோதனையைத் தொடங்கியதும் இந்நகரிலேயே. ஆனால் அங்கு உடைமை குறைவாக இருப்பதற்குக் காரணம் அச்சோதனை அன்று. நாற்பதாண்டுகளுக்கு முன்பே தொடங்கிய விலைக்கொள்கை. சிறு நிலப்பரப்பும் ஒற்றை நிர்வாகமும் கொண்ட சிங்கப்பூரின் முறையை அமெரிக்க மாநிலங்களுக்கு அப்படியே பெயர்க்க இயலாது. செல்வர்க்கே மகிழுந்து என்னும் குறையும் அம்முறைக்கு உண்டு. எனினும், உடைமையைத் தீர்மானிப்பது ஊர்தியின் நுட்பத்தைவிட இடத்தின் விலை என்னும் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அமெரிக்காவிலும் இத்திசையில் ஒரு தொடக்கம் நிகழ்ந்துள்ளது. 2025 ஜனவரி 5 முதல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தென்பகுதியில் பகல் நேரம் நுழையும் மகிழுந்துகளுக்கு 9 டாலர் கட்டணம் பெறப்படுகிறது. செயலிவழி வாடகையுந்துகளுக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் 1.50 டாலர் எனத் தனி முறை வகுக்கப்பட்டுள்ளது. ஊர்தியின் வகைக்கேற்பவும் பயன்பாட்டுக்கேற்பவும் சாலைக்கு விலை வகுக்க இயலும் என்பதை இது உறுதிப்படுத்துகிறது.

10. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம்.

1. தனியார் உடைமை மறையும் என்னும் முன்கணிப்பு காலத்தை மட்டுமன்றிக் காரணத்தையும் தவறாகக் கொண்டது. மின்மயமாதலும் தன்னோட்டமும் ஊர்தியின் இயல்புகள். உடைமை என்பது இடம், விலை, சட்டம் ஆகியவற்றின் விளைவு.

2. மின்னூர்தியின் குறைந்த ஓட்டச் செலவு, வாங்கியவரை உடைமையோடு பிணைக்கிறது. 4ஆம் நிலைத் தன்னோட்டத்தின் எல்லைக்கட்டுப்பாடே இப்போது நிறுவன உடைமைக்கு இடமளிக்கிறது. இரண்டையும் உடைமையின் முடிவுக்கு அறிகுறிகளாகக் கொள்ள இயலாது.

3. முறைப்பகிர்வு ஊர்திகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். சாலை நெரிசலைக் கூட்டும். உடன்பயணமே இரண்டையும் குறைக்கும்.

4. மாற்றத்தின் இடைநிலையே இடர் மிகுந்தது. அப்போது பொதுப் போக்குவரத்து பயணியரை இழந்து நலியுமாயின், மகிழுந்தும் இல்லாமல் தன்னோட்டச் சேவைக்கான கட்டணமும் செலுத்த இயலாதோரே முதலில் பாதிக்கப்படுவர்.

5. வெற்றோட்டத்துக்குக் கட்டணம், உடன்பயணத்துக்குச் சலுகை, சாலையோர நிறுத்துமிடத்துக்கு உரிய விலை, பேருந்துக்குத் தனித்தடம் ஆகியன வகுக்கப்பட வேண்டியவை. நிறுவனங்கள் பெருந்தொகுதிகளை இறக்கியபின் இவற்றை விதிப்பதைவிட, ஊர்திகள் ஆயிரக்கணக்கில் மட்டும் இருக்கும் இப்போது விதிப்பது எளிது.

பார்வையற்றோர்க்கும் முதியோர்க்கும் ஓட்ட இயலாத பிறர்க்கும் தன்னோட்ட ஊர்தி அளிக்கும் விடுதலை பெரிது. அதைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. அந்நன்மையை இழக்காமல் நெரிசலைத் தவிர்க்கும் வழி, ஊர்தியை யார் வைத்திருக்கிறார் என்பதைவிட, அது எத்தனை பேரைச் சுமந்து எவ்வளவு இடத்தை எந்நேரத்தில் கொள்கிறது என்பதை அளந்து விலை வகுப்பதில் உள்ளது. வேமோ போன்ற சேவைகள் இயங்கும் நகரங்களில் வெற்றோட்டத் தொலைவு, ஊர்தியில் அமர்வோர் எண்ணிக்கை, பேருந்துப் பயணியரின் இடமாற்றம் ஆகியவற்றைத் தொடர்ந்து அளவிடும் ஆய்வுகள் மேற்கொள்ளப்படின், இத்துறையின் அடுத்த முன்கணிப்புகள் உறுதியான அடித்தளத்தின்மீது அமையும்.